மிதிவண்டிக்குப் பின்னால் ஓடிய நடுவர்

பச்சைத் தழை தார்ச்சாலையில் உராய்ந்துகொண்டே இறங்கும் ஓசையை நீங்கள் கேட்டதுண்டா? கேட்டிராவிட்டாலும், அவையோரே, இந்த வழக்கில் நீங்களே எனக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். ஜவ்வாது மலையில் மிதிவண்டியில் இறங்குவோர், வண்டிக்குப் பின்னால் பெரிய மரக்கிளை ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டே இறங்குவார்கள். பிரேக்கை மட்டும் நம்பி அந்த வளைவுகளில் எவரும் வண்டியை விட்டதில்லை.

எழுபதுகளின் நடுவே, மலைப்பாதையின் உச்சியில் இருந்த சோதனைச் சாவடியில் அப்பாவுக்கு வேலை. அம்மா இல்லாத வீடு. அக்கம்பக்கம் என்று சொல்ல வேறு வீடும் கிடையாது. பள்ளியிலோ, என் மேடைத் தமிழைக் கேட்ட பிள்ளைகள் எனக்கு "மைக்செட்டு" என்று பெயர் வைத்து, "மைக்செட்டு வருது, காதப் பொத்திக்கோ" என்று சொல்லிக்கொண்டே விலகிப் போனார்கள். ஆகவே நான் பேசியதையெல்லாம் இறுதிவரை உட்கார்ந்து கேட்ட ஒரே உயிர் எங்கள் செவலை நாய்தான். அதற்கு "நடுவர்" என்று பெயரிட்டேன். அப்பாவுக்கு அது கடைசிவரை "நாயி"தான்.

அடிவார ஊர்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி நடந்த அன்று, மலைக்கு வரவேண்டிய பேருந்து வரவில்லை. அப்பாவின் மிதிவண்டியில் போவதென்று முடிவாயிற்று. நடுவரை அழைத்துப் போகலாமா கூடாதா என்பதில்தான் வாதம் எழுந்தது. மற்ற பிள்ளைகளின் வீட்டார் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள், எனக்கென்று ஒரு முகமேனும் அங்கே வேண்டும் என்பதுதான் என் மனத்துக்குள் இருந்த கட்சி. அதை வாய்விட்டுச் சொல்லத் தன்மானம் இடம் தராததால், வழித்துணை, காட்டுப்பன்றி என்று வேறு காரணங்களை அடுக்கினேன். அப்பா கிளையைக் கயிற்றால் இறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கீழ இருக்கற நாய்ங்க இத உள்ள வுடுமா? அப்புறம் உன் இஷ்டம். சாவடிய வுட்டுட்டு நான் வர முடியாது."

அழைத்துச் சென்றேன். இழுபடும் கிளையை விளையாட்டென்று கருதிய நடுவர், அதைக் கவ்வியும் குரைத்தும் வளைவுக்கு வளைவு என்னைத் தொடர்ந்து வந்தது. அடிவாரத்தின் முதல் தெருவிலேயே அப்பா சொன்னது நடந்தது. தெரு நாய்கள் பாய்ந்து வர, நடுவர் வாலை ஒடுக்கிக்கொண்டு வந்த வழியே மலையேறியது. கூப்பிட்டேன், ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறைந்தது. போட்டிக்கு நேரமாகிவிட்டதால் நான் மட்டும் போனேன்.

முதற்பரிசு எனக்கே. கைதட்டலும் பெரிதாகத்தான் எழுந்தது. மேடையிலிருந்து இறங்கியபோது மற்றவர்களை அவரவர் வீட்டார் சூழ்ந்துகொள்ள, நான் நேரே மிதிவண்டியிடம் நடந்தேன்.

மாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மலையேறுகையில், பழக்கிவைத்த குரலெல்லாம் திரட்டி, "நடுவரே, நடுவரே" என்று பள்ளத்தாக்கை நோக்கி அழைத்தேன். பாதி வழியில் மேலிருந்து ஒரு குரல் வந்தது. அது என் பெயரைச் சொல்லிற்று. கோயில் திருவிழாவுக்குக்கூடச் சாவடியை விட்டு அசையாத அப்பா, தடுப்புக் கழியை இறக்கிப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் காலருகே நடுவர்.

"சாயந்திரம் நாயி மட்டும் வந்து நிக்குது. நான் இன்னாடா நெனைக்கறது?" என்றவர், என் கைகளையும் முழங்கால்களையும் தடவிப் பார்த்தார். பரிசைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நான் காட்டவுமில்லை.

இன்று அந்தப் பாதையில் கிளை கட்டி இறங்குவோரைக் காணோம். சாவடிக் கழியை வேறொருவர் தூக்குகிறார். அப்பாவும் இல்லை, நடுவரும் இல்லை. ஊர் ஊராய்ப் பேசப் போகும் என்னிடம், துணைக்கு வரட்டுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். அன்று அந்த வளைவில், என் தோள்மேல் வைத்த கையை எடுக்காமலே அப்பா மேலே நடக்கத் தொடங்கியபோது, அவருக்குக் கேட்கும்படி உரக்கவே சொன்னேன்:

"இனிமே நாய இட்னு போமாட்டேம்பா. எங்க போனாலும் தனியாத்தான் போவேன்."