கலைமானின் மூக்கு

கனடாவில் எங்கள் மத்தான் ஊரில் மற்றவர்கள் ஈஸ்டருக்குக் காத்திருப்பார்கள். அடுத்த வீட்டு ரோஸேர், டயர் மாற்றும் நாளுக்குக் காத்திருப்பார். இறால் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் மிலேன், கெபெக் நகரத்தில் நர்ஸ். கிறிஸ்துமஸ் என்றால் டியூட்டி அவள் தலையில்தான் விழும். ஆனால் இங்கே பனிக்கு ஒரு செட் டயர், கோடைக்கு ஒரு செட்; அவள் காரில் மாட்டாத செட் அப்பாவின் கொட்டகையில் தொங்கியது. பனிக்கு முன்னால் ஒரு தடவை, பனி போனதும் ஒரு தடவை அவள் வந்தே ஆகவேண்டும். அந்த இரண்டு நாளை வைத்துத்தான் மனுஷன் வருஷத்தையே ஓட்டினார்.

இந்த ஏப்ரலில் அவள் வருவதற்கு முன்பே கோடை டயர்களை இறக்கிப் பார்த்தார். கால் டாலர் காசைத் தலைகீழாக டயரின் பள்ளத்தில் செருகினால் காசிலுள்ள கலைமானின் மூக்கு உள்ளே மறைய வேண்டும். டயர் தேய்ந்துபோய் மூக்கு முழுசாக வெளியே நின்றது. நான்கிலும் அப்படித்தான். ஓரமெல்லாம் வெடிப்பு வேறு.

புதுசு வாங்கினால் நகரத்துக் கடையிலேயே மாட்டி, கழற்றியதையும் அவர்களே பத்திரமாக வைத்துக்கொள்வார்கள் என்று மிலேன் போனில் சொல்லியிருந்தாள். அப்புறம் அவள் இங்கே வருவானேன்? இன்னொரு கோடை தாங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நவம்பரில் வந்துவிடுவாள். அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு இரண்டு நாள் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். என் காபி தீர்ந்ததுதான் மிச்சம்.

மிலேன் வந்தாள். பட்டாணி சூப் குடித்தாள். ரோஸேர் அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காசைச் செருகிக் காட்டினார்.

"இதுல நீ போகக்கூடாதும்மா. குளிர்கால டயரோடயே திரும்பிப் போ. அங்கேயே புதுசு மாட்டிக்க."

அவள் சரியென்று கிளம்பிப் போனாள். பழைய டயர்கள் குப்பைக்குப் போக, கொட்டகையில் நான்கு கொக்கிகளும் காலியாக நின்றன. அந்தப் பக்கம் போவதையே அவர் நிறுத்திவிட்டார். அவரைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொன்னவனுக்கு இதுதான் கூலியா?

மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிலேனின் கார் வந்து நின்றது. புது டயர்கள் மாட்டியிருந்தன. பின்சீட்டில் குளிர்கால டயர்கள் நான்கும் ஏறி உட்கார்ந்திருந்தன. அரை நாள் வண்டி ஓட்டியிருக்கிறாள்.

"கடைக்காரனே வச்சுக்கறான்னு சொன்னியேம்மா?" என்றார் ரோஸேர்.

"வச்சுக்கறேன்னுதான் சொன்னான்பா. சூப் தருவேன்னு சொல்லலையே."

ரோஸேர் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டு டயர்களிடம் குனிந்தார். எந்த டயர் எந்தப் பக்கம் என்று எழுதிவைப்பது அவர் வழக்கம், ஒருநாளும் தப்பியதில்லை. தூக்கி மாட்ட என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், நான்கிலும் 'முன் இடது' என்றே எழுதியிருந்தது. நான்கையும் அப்படியே கொக்கிகளில் மாட்டிவிட்டு வந்தேன்.