ஆளில்லாத கடற்கரை

ஊர் ஊராகச் சுற்றி வரும் அந்த நடன இசைத் திருவிழா முதல் தடவை புதுச்சேரியில் எங்கள் வீராம்பட்டினத்து மணலுக்கு வந்தபோது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சில ஸ்பீக்கர்கள், ஒரு சாமியானா, டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்த பிள்ளைகள், கொஞ்சம் வெள்ளைக்காரர்கள். வேலி கிடையாது. மீன் விற்றுவிட்டுத் திரும்பிய அம்மா, அன்னக்கூடையை இடுப்பில் வைத்தபடியே ஆடினாள். "பாட்டே இல்லையேடி, வெறும் அடிதான் கேக்குது" என்று சொல்லிக்கொண்டே ஆடினாள். யாரோ அதைப் படம் பிடித்தார்கள்.

வருடத்துக்கு வருடம் கூட்டம் பெருத்தது. லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் காலேஜ் ஆபீசில்கூட அதே பேச்சு. பிறகு தகரத் தடுப்பு வந்தது. கையில் வண்ணப் பட்டை கட்டியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். போகட்டும் என்று இருந்தோம்.

கடைசியாக நடந்த வருடம் தடுப்பைத் தண்ணீர் வரைக்கும் இழுத்துவிட்டார்கள். என் அண்ணன் படகைக் கரையேற்றும் இடம் மேடைக்குப் பின்பக்கம் ஆகிவிட்டது. விழா அன்று மதியம் கடல் சரியில்லை. அம்மாவும் நானும் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். வழக்கம்போல அண்ணன் படகை நேராகக் கரைக்கு விட்டான். கறுப்புச் சட்டை போட்ட காவலாள் ஒருவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி மறித்தான்.

"இங்க ஏத்தாத. ப்ரோக்ராம் நடக்குது. தள்ளிப் போ."

"எங்க தள்ளிப் போறது? அந்தப் பக்கம் பூரா கல்லு கொட்டி வச்சிருக்கு."

"பர்மிஷன் வாங்கியிருக்காங்க. போன்னா போ."

அண்ணன் தள்ளிப் போனான். கல்லருகே அலை படகைப் புரட்டிப் போட்டது. அவனைத் தூக்கிக் கரையில் கிடத்தியபோது தோள் எலும்பு முறிந்திருந்தது. மேடையில் சத்தம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

மறுநாள் நியாயம் கேட்கப் போனோம். பந்தலைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "நாங்க அடுத்த ஊருக்குப் போவணும்மா, ஆபீஸ்ல பேசுங்க" என்றார்கள். எந்த ஆபீஸ் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அண்ணனால் இன்றைக்கும் அந்தக் கையை முழுக்கத் தூக்க முடியாது. வலை இழுக்க முடியாதவனை எவன் படகில் சேர்ப்பான்? சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிறான்.

போன வருடம், திருவிழாவின் வரலாற்றைப் படமாக எடுக்கிறோம் என்று ஒரு பெண் கேமராவோடு வீட்டுக்கு வந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணனும் பேசினான், சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினான். படம் வந்ததும் போனில் பார்த்தேன். 'புதுச்சேரியில் ஆளில்லாத ஒரு கடற்கரையைக் கண்டுபிடித்தோம்' என்று விழா நடத்தியவர்களில் ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். அண்ணன் எங்குமே இல்லை. நான் பேசியதில், முதல் வருடம் எங்களுக்குப் பிடித்திருந்தது என்ற வரி மட்டும் இருந்தது. அதோடு அம்மா ஆடுகிற பழைய காட்சி.

உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"எங்கண்ணன் பேசினது எங்க போச்சு?"

"ரொம்ப நீளமா இருந்துச்சுக்கா. எடிட்டிங்ல போயிடுச்சு."

"அப்ப என்னையும் எங்கம்மாவையும் எடுத்துடு."

"உங்கம்மா ஆடறது ரொம்ப நல்லா இருக்குக்கா."

"எடுன்னு சொல்றேன்."

எடுத்துவிட்டார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அண்ணனிடம் சொன்னேன். "உடு, அவுங்க படம், அவுங்க இஷ்டம்" என்றபடி வாட்ச்மேன் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினான். எனக்கு அவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. அப்படிச் சொன்னதற்காக அவன் மேலும்தான்.