டெல்மர் ராஸ்னிக்கும் வேகக் கடிவாளமும்

டெல்மர் ராஸ்னிக் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். என் கணவரும் அவரும் ஒரே ஷிஃப்ட். முழங்கால் இரண்டும் போன பிறகு மேலே வந்து, மலையடியில் சாலை வளைகிற இடத்தில் மெக்கானிக் கடை போட்டார்.

சுரங்கத்தின் கடைசி வருஷங்களில் ஒவ்வொருவர் இடுப்பிலும் சிக்னல் அனுப்பும் ஒரு வில்லையைக் கட்டித்தான் கீழே அனுப்புவார்கள். யார் எந்த மூலையில் நிற்கிறார் என்று மேலே அலுவலகத்தில் தெரிந்துவிடும். இடிந்து விழுந்தால் ஆளைத் தேட உதவும் என்றார்கள். யார் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று பார்க்கவும் உதவியது. டெல்மர் அதற்காகச் சண்டை போட்டதில்லை. "பூமிக்குக் கீழ இருக்கிற வரைக்கும் நான் கம்பெனி ஆளு. மேல வந்தா எனக்கு நான்தான் முதலாளி" என்பார்.

அதனால்தான் புதிய சட்டம் ஒன்றைப் பற்றிய பேச்சு வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. கண்மண் தெரியாமல் ஓட்டி மாட்டிக்கொள்கிறவர்களின் வண்டியில் நீதிபதி ஒரு கருவியை மாட்டச் சொல்லலாம்; வண்டி எந்தச் சாலையில் இருக்கிறது என்று பார்த்து, அந்தச் சாலைக்கு விதித்த வேகத்தை அது தாண்டவிடாது. எங்கள் பக்கத்தில் அதற்குக் கடிவாளம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சட்டம் வேண்டுமென்று அலைந்தவரும் எங்கள் தேவாலயச் சபைக்காரர்தான், வில்மா ஸ்டில்ட்னர். அவருடைய கணவர் கர்ட்டிஸ், வீட்டுக்கு எதிரே சாலையோரத் தபால் பெட்டியைத் திறக்கப் போனவர், திரும்பி வரவில்லை. வேகமாகக் காரில் வந்து அடித்துப் போட்ட பையனுக்கு முன்பே லைசென்ஸ் பறிபோயிருந்தது. "லைசென்ஸப் புடுங்கினா அட்டைதான் போகுது. வண்டி வாசல்லயேதான் நிக்குது" என்று வில்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் சட்டமன்றக் குழு இரண்டு தரப்பையும் கேட்கப்போவதாக அறிவிப்பு வந்தது. கணவர் போன பிறகு வில்மாவுக்குப் பெரிய நெடுஞ்சாலையில் ஓட்டத் தைரியம் வரவில்லை. போதகர் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது டெல்மர், எதிர்த்துப் பேச நானும் அங்கேதானே போகிறேன், என்னுடன் வரட்டும் என்றார். சபையில் சிலர் சிரித்தார்கள்.

பாதி நாள் ஓட்டம். வில்மா கதவுக் கைப்பிடியை விடாமல் பிடித்தபடியே வந்தாராம். டெல்மர் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தபடி தாண்டிப் போயின.

"என்னால உங்களுக்கு லேட்டாகுது, பிரதர்."

"ஆகட்டும் சிஸ்டர். நம்மள எதிர்பார்த்து அங்க யாரும் தவம் கிடக்கல."

கொஞ்ச தூரம் போனதும் வில்மா கேட்டார். "கர்ட்டிஸோட சவப்பெட்டிய நீங்களும் சேர்ந்துதான் தூக்குனீங்க. அப்புறம் எப்படி எதிர்த்துப் பேச மனசு வருது?"

"அந்தப் பையன் ஒருத்தனோட நிக்கும்னா நான் வாயே தொறக்க மாட்டேன். நிக்காது. இன்னைக்கு அவன் வண்டில, நாளைக்கு எல்லார் வண்டிலயும். நான் எங்க போறேன், எங்க நிக்கிறேன்னு எவனோ பாத்துட்டே இருப்பான். அத நான் கீழ அனுபவிச்சாச்சு."

"அன்னைக்கு அந்தப் பையன யாராவது பாத்துட்டு இருந்திருக்கலாம்" என்றார் வில்மா.

டெல்மர் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

கூட்ட அறைக்கு வெளியே, சட்டத்தை எதிர்க்கும் தரப்பைச் சேர்ந்த, கோட் போட்ட ஒருவர் டெல்மரைக் கூப்பிட்டுச் சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்திவிட்டார். சுதந்திரம் பற்றி ஏதோ எழுதியிருந்தது. வில்மாவைக் காட்டி, அந்த அம்மாள் அழுதே காரியம் சாதிக்க வந்திருக்கிறார் என்று சிரித்தார். டெல்மர் பேட்ஜைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். "அவங்க என் வண்டில வந்தவங்க" என்று மட்டும் சொன்னார். உள்ளே போய், முன்பே நினைத்து வைத்திருந்தபடி எதிர்த்தே பேசினார். வில்மாவும் பேசினார். குழுவில் பாதிப் பேர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். திரும்பும் வழியில் ஒரு கடையில் சுடச்சுட பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிட்டார்கள். யார் பேச்சு எடுபட்டது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சட்டம் நிறைவேறியது.

அடுத்த வருஷம் டெல்மரின் மகள் கெண்ட்ரா மாட்டினாள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய் மருந்து கட்டும் நர்ஸ் அவள். மணிக்கு நூறு மைலுக்கு மேல் போயிருக்கிறாள். யார் உயிரையும் காப்பாற்ற ஓடவில்லை, வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள், சாலை காலியாக இருந்தது, அவ்வளவுதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஆறு மாதம் லைசென்ஸ் இல்லை, அல்லது ஆறு மாதம் கடிவாளம் என்றார் நீதிபதி. அவள் கடிவாளம் என்றாள்.

டெல்மர் விடவில்லை. "வக்கீல் வச்சு எதிர்ப்போம்மா. நான் கூட நிக்கிறேன்."

"நீங்க எதிருங்கப்பா. எனக்குத் திங்கக்கிழமை காலைல கோம்ப்ஸ் தாத்தாவுக்குக் கட்டு மாத்தணும். வண்டி வேணும்."

"நீ எங்க போற, எங்க நிக்கிறன்னு எல்லாத்தையும் அது பதிஞ்சு வச்சுக்கும்."

"நான் எங்க போறேன்னு ஊருக்கே தெரியும். வெக்கமா இல்லப்பா, அலுப்பாத்தான் இருக்கு."

குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களின் வண்டியில் ஊதிக் காட்டினால்தான் எஞ்சின் கிளம்பும் பூட்டு மாட்டும் வேலையை டெல்மர் ஏற்கனவே செய்துகொண்டிருந்தார். கடிவாளத்தையும் மாட்டித் தரச் சொல்லி ஒரு கம்பெனி கேட்டபடியே இருந்தது. அவர் மறுத்தபடியே இருந்தார். இப்போது, யாரோ ஒருவன் மகளின் வண்டியில் கை வைப்பதைவிட நானே மாட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். பெற்ற மகளுக்கே விலங்கு போட்டவன் என்று பெட்ரோல் பங்கில் அவர் காதுபடவே பேசினார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் வருவதை நிறுத்தினார்கள்.

ஒருநாள் கெண்ட்ரா வேலைக்கு நடுவிலேயே கடைக்கு வந்து இறங்கினாள். ஆற்றுப் பாலத்தின் மேல் நெடுஞ்சாலை போகிறது. அதன் அடியில் சுரங்கத்துக்குப் போகும் பழைய மண் பாதை; அங்கே விதித்த வேகம் மிகக் குறைவு. அவள் கீழ்ப்பாதையில் போவதாகக் கருவி நினைத்துவிட்டது. எவ்வளவு மிதித்தும் வண்டி மாட்டு வண்டி வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் இறக்கத்தில் கரி லாரி. டிரைவர் எப்படியோ ஒதுங்கிப் போயிருக்கிறார். மறுநாள் டெல்மர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போய்த் தன் கண்ணாலேயே பார்த்தார். கம்பெனிக்குப் போன் செய்தால், குறித்துக்கொண்டோம் என்றார்கள். கம்பியைப் பிடுங்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். பிடுங்கினால் மகள் சிறைக்குப் போக வேண்டும். அதனால் அவள் பாலத்தைத் தவிர்த்து மலைப்பாதையில் சுற்றிச் சுற்றிப் போனாள். நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் டெல்மர் இதை வில்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தீர்களா, அன்றே சொன்னேனே என்கிற தொனி அதில் துளியும் இல்லை. வில்மாவின் முகம் வெளுத்துப் போனது.

"நான் கேட்டது இது இல்ல, பிரதர்."

"தெரியும் சிஸ்டர்."

ரிச்மண்டில் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் வில்மா கூப்பிட்டார். எடுக்காதவர்களை மறுபடி கூப்பிட்டார். கடைசியில் ஒரு வழியாகக் கருவியின் வரைபடத்தில் பாலத்தைத் திருத்தினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரிடமிருந்தும் வரவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. டெல்மரே கழற்றினார். நான் என் காரைப் பழுது பார்க்க விட்டிருந்ததால் கடையில்தான் இருந்தேன். கெண்ட்ரா அப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தாள். வளைவு தாண்டியதும் ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடிக்கொண்டே போவது எங்கள் இருவருக்கும் கேட்டது. டெல்மர் துணியில் கையைத் துடைத்தார். முன்பே துடைத்த கைதான்.

இப்போது நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"எதிர்ப்புதான். அது மாறாது" என்றார். என் காரின் பானெட்டைத் திறந்தார், உள்ளே பார்த்தார், எதையும் தொடவில்லை. "அவ போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் பண்ணட்டும், அப்புறம் பாக்குறேன். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.