மோட்டார் குழாயில் வந்த வெதுவெதுப்பு

ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்த நன்மையை மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் போன டிசம்பரில் என் மாமனாரை இழந்துவிடுவோமோ என்று நான் பட்ட பயம் கொஞ்சநஞ்சமல்ல.

மாமனார் பெயர் ஆசீர்வாதம். வயது எண்பதை நெருங்குகிறது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் சபையின் மணி அவர் பொறுப்பு. நானும் என் கணவரும் ஒரகடம் பக்கம் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறோம். என் கணவர் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாராம். பிள்ளை பிழைத்தால் டிசம்பர் முழுவதும் விடியுமுன் கிணற்றில் குளித்துவிட்டு வந்து மணி அடிக்கிறேன் என்று மாமா பொருத்தனை பண்ணினார். பிள்ளை பிழைத்தது. அன்று தொடங்கியவர் ஒரு வருஷமும் விட்டதில்லை. கிணற்றை மூடிவிட்டு நாங்கள் மாடி வீடு கட்டிய பிறகு, மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனார்.

போன வருஷம் மழை விட்டும் ஈரம் விடவில்லை. இரவெல்லாம் வாடைக்காற்று பட்ட அந்தத் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் விறைத்துப்போகும். அதைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சரியாகத் துவட்டாமல் பனியில் நடந்தார். நெஞ்சில் சளி கட்டி இளைப்பு வந்துவிட்டது. படுக்கவும் முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறினார். டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த நாட்களில் மணியை என் கணவர் போய் அடித்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்பைச் சூடாக வைத்திருங்கள், பச்சைத் தண்ணீர் தலையில் படவே கூடாது, இன்னொரு தடவை இப்படி வந்தால் இந்த வயதில் தாங்க மாட்டார் என்றார். 

கட்டிலில் படுங்கள் என்றால் கேட்க மாட்டார். எங்கள் டைல்ஸ் தரையோ மார்கழியில் ஐஸ்தான். கம்பெனியில் கழித்துப்போட்ட அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து பாய்க்கு அடியில் விரித்தேன். கொசுவுக்குப் பயந்து குளிரிலும் முழு வேகத்தில் ஃபேன் ஓடும். கொசுவலை கட்டி ஃபேனை நிறுத்தினேன். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, சாக்ஸ் எல்லாவற்றுக்கும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். குளியலுக்கு மட்டும் மசியவில்லை.

ஒருநாள் அவருக்குத் தெரியாமல் பக்கெட்டில் வெந்நீர் கலந்து வைத்தேன். விரலை விட்டுப் பார்த்தார். “ஆண்டவருக்குக் குடுத்த வாக்குல கலப்படம் பண்றியாம்மா?” என்று கேட்டு அப்படியே கவிழ்த்துவிட்டார். பாஸ்டர் வந்து, வெந்நீரில் குளித்தால் கர்த்தர் கோபப்பட மாட்டார் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டவர், பாஸ்டர் தெருமுனை தாண்டியதும், “நல்ல புள்ளதான், வயசு பத்தாது” என்றார். கடைசியில் என் கணவர் சத்தம் போட்டார். மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ உசுரோட நின்னுகினு கத்துறே பாரு, அதுக்குத்தான்டா குளிக்கிறேன்.”

என் கணவர் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். 

நாளையிலிருந்து பழையபடி குளித்துவிட்டு நானே மணி அடிக்கப் போகிறேன் என்று மாமா சொன்ன அன்று, கம்பெனி பஸ்ஸில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஆண்டவரே, இந்த மனுஷனுடைய பிடிவாதத்தை உடைத்துப்போடும், என்னால் ஆகவில்லை என்று ஒரகடம் வரைக்கும் அதையேதான் சொன்னேன்.

மறுநாள் விடிகாலை. மாமா துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மாடியில் எந்தக் குழாய் திறந்து கிடந்ததோ, தொட்டி காலி. மணி அடிக்க நேரமாகிறதே என்று அவர் தவிக்கிறார். நான் ஓடிப்போய் போர் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை யார் காத்திருப்பது என்று, செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை மோட்டாரோடு மாட்டி பக்கெட்டில் விட்டேன். தண்ணீர் என் கையில் பட்டது. திடுக்கிட்டேன். பூமிக்குள்ளிருந்து நேராக வந்த தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. அந்தக் குளிரில் மேலே லேசாக ஆவிகூடத் தெரிந்தது.

மாமா சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு கையை விட்டார். எடுக்கவே இல்லை.

“நம்ம கெணத்துத் தண்ணி மாரியே கீதும்மா,” என்றார். “அப்பல்லாம் விடிகாலைல இப்டிதான் சூடா இருக்கும். கெணத்துல குளிக்கிறேன்னுதான் வேண்டிக்கினேன். இந்த டேங்க்குத் தண்ணிய எவன் கேட்டான்?”

மூடிய கிணற்றுக்குப் பக்கத்தில்தான் அந்த போரைப் போட்டிருந்தோம். இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீரை மாடிக்கு ஏற்றி, இரவெல்லாம் ஆறவிட்டு, அவர் தலையில் ஊற்றியிருக்கிறோம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. மாமா ஆசைதீரக் குளித்தார். நான் தலையைத் துவட்டிவிட்டேன், தடுக்கவில்லை. குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். சற்று நேரத்தில் மணிச் சத்தம் கேட்டது. அடுப்படியில் அப்படியே முழங்கால் போட்டேன்.

அந்த ஞாயிறே என் கணவர் மோட்டார் பக்கத்தில் தனிக் குழாய் வைத்து, காற்று படாமல் தகரத் தடுப்பும் அடித்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் மாமாவுக்கு இளைப்பு திரும்பவில்லை. பொங்கல் கழிந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் சொல்பேச்சு கேட்காத பெரியவர் ஒருவர் குளிரில் இருமிக்கொண்டு இருக்கலாம். போர்த்திவிடுங்கள், தலையைத் துவட்டிவிடுங்கள், சண்டை போட்டுச் சோர்ந்துபோனால் ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். பதில் எந்த வழியில் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் என் மாமனாரை மாற்றச் சொல்லித்தான் அழுதேன். அவர் இன்றைக்கும் அதே பிடிவாதக்காரர்தான். கர்த்தர் தண்ணீரைத்தான் மாற்றிக் கொடுத்தார்.