சென்னாக்கூனியும் இருபது நாள் கரண்டும்

கோவிலம்பாக்கம் தசரதனுக்கு எழுபதாவது வயதில் ஒரு புதிய தொந்தரவு வந்து சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஆறு முறை, சில நாள் ஏழு முறை, நெஞ்சிலிருந்து உச்சந்தலை வரைக்கும் குப்பென்று சூடு ஏறும். வேர்த்து ஊற்றும். மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த மூன்று நிமிடமும் அவர் தன் கடையில் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து, நாய் பிஸ்கட் அட்டையால் விசிறிக்கொள்வார்.

அது மாட்டுத் தீவனக் கடையாகத்தான் ஆரம்பித்தது. அவருடைய அப்பாவுக்கு ஏரிக்கரையில் மூன்று ஏக்கர் நிலமும் பதினோரு மாடும் இருந்தன. நிலத்தில் அடுக்குமாடி வந்தது, மாடுகள் போயின. இப்போது கடையில் அதிகம் போவது நாய்த் தீனியும், பூனை வெளிக்குப் போவதற்கான மண்ணும்தான். "மண்ண பாக்கெட் போட்டு வாங்கினு போறாங்க கங்கா! நம்ம கொல்லையில எவ்ளோ கெடந்துச்சு" என்று மனைவி கங்கையம்மாளிடம் இதுவரை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அவர் வேர்த்து விசிறும்போது கங்கையம்மாள் பக்கத்தில் வந்து நிற்பாள்.

"எனக்கு நாப்பத்தொம்போது வயசுல இதே மாதிரி வந்துச்சே, அப்ப இன்னா சொன்னீங்க? 'நடிக்காத'ன்னீங்க. இப்ப நல்லா நடிங்க, நான் பாக்கறேன்."

சொல்லிவிட்டு, அட்டையை வாங்கித் தானே விசிறுவாள்.

சூட்டுக்குக் காரணம் ஊசி. 2022 அக்டோபரில் தசரதனுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தது. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் எண் 21.6. கட்டி சுரப்பிக்குள்ளேயே இருந்தது, வெளியே பரவவில்லை. டாக்டர் ரமா ஆபரேஷன் சொன்னார். தசரதன் மாட்டேன் என்றார். கதிர்வீச்சு சொன்னார். அதை எங்கள் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் தசரதன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். 1983இல் பம்ப்செட் மோட்டார் அவரைத் தூக்கி வரப்பில் எறிந்திருக்கிறது. ஒருமுறை கரண்ட் வாங்கியது போதும் என்பது அவர் கட்சி. மிச்சம் ஹார்மோன் ஊசி.

"ஆண் ஹார்மோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி. ஊசி தீனியை நிறுத்தும்" என்றார் டாக்டர். தீவனக் கடைக்காரருக்கு அது உடனே புரிந்தது. 2022 நவம்பர் 2, புதன்கிழமை, முதல் ஊசி. அப்புறம் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று.

ஊசி போட்ட அன்றே கங்கையம்மாள் ஒரு பத்தியம் விதித்தாள். ஊசி ஏறிய உடம்புக்குக் கருவாடு ஆகாது. டாக்டர் சொன்னதா என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எண் 21.6இலிருந்து 1.8க்கு இறங்கியது, அடுத்து 0.7. பத்தியத்தின் பெயர் ஊருக்குள் பரவிவிட்டது.

ஆனால் மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்? 2024 ஜனவரி 10, புதன்கிழமை, மேடவாக்கம் கூட்டுரோட்டில் குமரேசன் மெஸ் வழியாக நடந்தபோது, வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பின் வாசனை அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. அதிலிருந்து புதன்கிழமை தோறும் மெஸ். ஜூன் 5 வரை இருபத்திரண்டு புதன்கிழமைகளில் பத்தொன்பது முறை சாப்பிட்டிருக்கிறார். மீதி மூன்று முறை குமரேசன் ஊரில் இல்லை.

இதில் ஒரு விசேஷம். புதன்கிழமை மட்டும் அல்ல, மற்ற நாளும் தசரதனுக்கு வீட்டில் கருவாட்டு வாசனை அடித்தது. தன் சட்டைதான் காட்டிக்கொடுக்கிறது என்று பயந்து, நேராகக் குளிக்கப் போவார். ஒரு நாளைக்கு மூன்று குளியல். கங்கையம்மாளோ அதே நேரத்தில் சமையலறையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருப்பாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் குளியலைப் பற்றிக் கேட்பாளே!

இதற்கிடையில் எண் ஏற ஆரம்பித்தது. டிசம்பரில் 0.9 ஆக இருந்தது மார்ச்சில் 1.9 ஆனது. "அடுத்த தடவை பார்ப்போம்" என்றார் டாக்டர். ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, 4.3.

தாளை வாங்கிய தசரதன் லேப் வாசலிலேயே நின்றுவிட்டார். பத்தொன்பது புதன்கிழமையும் கண்ணில் வந்தன. மருந்து சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, நாக்குதான் கெடுத்துவிட்டது. தாளை மடித்து பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டார்.

"ரிப்போர்ட் வந்திச்சா?" என்றாள் கங்கையம்மாள்.

"வந்திச்சு. நார்மல்."

"அப்பாடா" என்றாள் அவள்.

தசரதனுடையது பட்டன் போன். அதனால் லேப்பில் கொடுத்திருந்த நம்பர் கங்கையம்மாளுடையது. அவளுடைய போனில் 4.3 காலை பதினொன்றே காலுக்கே வந்துவிட்டது என்பதை அவர் மறந்துபோனார்.

அடுத்த ஒன்பது நாளும் அந்த வீட்டில் சண்டையே இல்லை. நாற்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இது முதல் தடவை. அவர் இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்தார். அவள் கேட்காமலேயே காபி வைத்தாள். இருவருக்கும் அது பேஜாராக இருந்தது.

சனிக்கிழமை பூவம்மாள் வந்தாள். கொட்டிவாக்கம் குப்பத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு வருபவள். கடை வாசலில் கூடையை இறக்கினாள்.

"அக்காக்கு இன்னா கோவம்ணா? மூஞ்சியத் தூக்கி வச்சினு கீது. கூனிக் கருவாடு வாணாமாம்."

"எங்க வூட்ல ஏதும்மா கூனி? நீ வேற வூட்ட நெனச்சினு பேசற."

பூவம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தசரதன் அந்த ஒன்பது நாளில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இனி ஊசியும் கேட்காது, தன்னால் கெட்டதற்கு இனி யாரையும் அலைய விடக்கூடாது, வைத்தியத்தை இத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஜூன் 20, வியாழக்கிழமை, மனைவியோடு டாக்டர் ரமா முன்னால் உட்கார்ந்ததும் அதைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"டாக்டரம்மா, தப்பு என் மேலதான். பத்தியத்த மீறிட்டேன். புதன்கெழம புதன்கெழம கருவாட்டுக் கொழம்பு—"

"ஐயோ, இல்ல டாக்டரம்மா!" என்று கங்கையம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். "நான்தான் பாவி. இவரு ஒழுங்கா சாப்புடலியேன்னு சென்னாக்கூனிய வறுத்துப் பொடி பண்ணி முருங்கக்கீரையில கலந்து போட்டேன். ஜனவரிலேர்ந்து."

சென்னாக்கூனி என்பது காய்ந்த பொடி இறால். பொடித்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு மட்டும் தெரியும்.

இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்குத்தான் சாம்பிராணியா?"

"அதுக்குத்தான் மூணு தபா குளிச்சீங்களா?"

"போனவாரம் நார்மல்னு சொன்னப்ப அப்பாடான்னியேடி!"

"நீங்க பொய் சொன்னீங்க, நான் ஒத்துக்கினேன். பொண்டாட்டி அப்பிடித்தான."

டாக்டர் ரமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"கருவாடு ஒண்ணும் பண்ணலை. ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. ஊசி அது வேலையைச் செஞ்சிருக்கு. ரத்தத்துல ஹார்மோன் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழேதான் இருக்கு. ஆனா அந்தக் கட்டி கொஞ்சூண்டு தீனியிலேயே வளரக் கத்துக்கிச்சு. சில பேருக்கு இப்படி ஆகும். யார் தப்பும் இல்லை."

தசரதன் யோசித்தார். "எங்க செவல மாடு மாதிரி. பஞ்சத்துல செவுத்துப் போஸ்டரத் தின்னுட்டுப் பால் கறந்துச்சு."

"அதேதான். இப்போ ஒரு ஸ்கேன் எடுப்போம். வெளியே பரவலைன்னா கதிர்வீச்சு, கூட ஒரு மாத்திரை. ஊசியும் நிக்காது. பரவியிருந்தா வேற வழி, அதுவும் இருக்கு. பூரா சரியாகிடும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா வழியில்லைன்னு அனுப்பவும் மாட்டேன்."

"கரண்ட்டா? வாணாம் டாக்டரம்மா. இத்தோட வுட்டுடலாம். வயசு எழுவத்திரண்டு ஆச்சு."

"வுட்டுடறீங்களா?" என்றாள் கங்கையம்மாள். குரல் தாழ்ந்திருந்தது. "ஒம்போது நாளு நான் சோறு எறங்காம கெடந்தது எதுக்கு? நான் ஒருத்தி கீறேன்னு நெனப்பு வாணாமா?"

தசரதன் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிறகு டாக்டரிடம் கேட்டார்: "ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது. எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான், ஒண்ணும் தெரியாது."

"கருவாடு?"

"தாராளமா. உப்பை மட்டும் நல்லா அலசுங்க."

திங்கட்கிழமை ஸ்கேன். முடிவு சனிக்கிழமை வந்தது. நடுவில் வந்த நான்கு நாளும் கணவனும் மனைவியும் பழையபடி சண்டை போட்டார்கள். அதில் இருவருக்கும் தெம்பு வந்தது. ஜூன் 29 காலை பத்தேமுக்காலுக்கு டாக்டர் ரமா போனில் சொன்னார்: கட்டி இன்னும் சுரப்பிக்குள்தான், எலும்பில் ஒன்றும் இல்லை. கங்கையம்மாள் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தசரதன் கடைக்குப் போய் ஒரு மூட்டைத் தவிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிவைத்தார். காரணம் ஒன்றும் இல்லை.

ஜூலை 22இல் கரண்ட் ஆரம்பித்தது. தாம்பரத்தில் ஒரு மையம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கதிர் சரியான இடத்தில் விழும். அதற்காக முன்கூட்டி அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் நாள் தசரதன் ஒழுங்காக வீட்டிலேயே குடித்துவிட்டு மேடவாக்கத்தில் மனைவியோடு ஷேர் ஆட்டோ ஏறினார். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களை முன்பே தாண்டியாயிற்று. ஆனால் சேலையூர் கேம்ப் ரோடு சிக்னலில் ஆட்டோ பதினோரு நிமிடம் நின்றது.

"கங்கா, தாங்காது போலகீது."

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர். பம்ப்செட்ட நெனச்சிக்குங்க."

"அத நெனச்சா இன்னும் அர்ஜண்டா வருது!"

மையத்தில் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் இறக்கிவிட்டார். மெஷின் பார்க்கும் மெர்வின், "சார், மறுபடியும் குடிங்க, முக்கால் மணி நேரம் கழிச்சுக் கூப்பிடறேன். நாளைலேர்ந்து இங்க வந்து குடிங்க" என்றார். மெஷின் நாலு நிமிடம் சுற்றியது. ஷாக் அடிக்கவில்லை. தசரதன் எழுந்து உட்கார்ந்து, "ஆரம்பிச்சாச்சா?" என்றார். "முடிஞ்சிடுச்சு சார்" என்றார் மெர்வின்.

நடுவில் ஆடி ஞாயிறு வந்தது. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இந்த வருடம் அண்டாவைக் கிண்ட அவர் கையில் பலம் போதவில்லை. கூழை மொண்டு ஊற்றும் வேலையை எடுத்துக்கொண்டார். ஊர் பார்க்கக் கருவாட்டுக் குழம்போடு இரண்டு சொம்பு குடித்தார்.

சனி, ஞாயிறும் ஆகஸ்ட் 15 விடுமுறையும் போக, ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, இருபதாவது கரண்ட் முடிந்தது. களைப்பு இருந்தது. சூடு பழையபடி நாளைக்கு ஆறு முறை ஏறியது. அடுத்த ரத்தப் பரிசோதனை நவம்பர் 18. காலண்டரில் கங்கையம்மாள் தன் கையால் வட்டம் போட்டுவைத்தாள். எண் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. எதுவாக இருந்தாலும் இருவரும் ஒரே போனில் சேர்ந்து பார்ப்பது என்று முடிவாகியிருந்தது.

ஆகஸ்ட் 21, புதன்கிழமை, தசரதன் மனைவியைக் குமரேசன் மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். குமரேசன் இலை போட்டுவிட்டு, "வாங்கக்கா! அண்ணன் எப்பவும் அந்த மூல டேபிள்தான், தெருவுல போறவங்க கண்ணுல படாம" என்றான்.

கங்கையம்மாள் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி நிதானமாக மென்றாள்.

"எப்பிடிகீது?" என்றார் தசரதன்.

"இதுக்கா பத்தொம்போது தபா வந்தீங்க?" என்றாள் அவள். "புளி தூக்கலா கீது. நாளைக்கி நான் வைக்கறேன், பாருங்க."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாள்.