கார் நிறுத்த இடம் பார்த்த லெஸ்டர்

லெஸ்டர் நோவிக்கியைப் போல் கல்லூரியை எடைபோட்டவன் டொலீடோ நகரத்தில் இன்னும் பிறக்கவில்லை. நடுவழியில் நின்றுபோன கார்களை லாரியில் இழுத்து வருவது அவன் வேலை. அந்த லாரி நிற்கும் கொட்டகையில் ஃபோன் எடுப்பது என் வேலை. இருபது வருடமாக அவன் புலம்பலையும் கேட்கிறேன், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

அவனுடைய ஒரே மகள் கிரிஸ்டாவுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று, வீட்டிலிருந்து பதினைந்தே நிமிடத்தில் ஒரு தனியார் கல்லூரி. அங்கே முதல் வருடம் விடுதியில்தான் தங்க வேண்டும். இன்னொன்று, மாநில எல்லை தாண்டி மிச்சிகனில், ஒரு மணி நேர ஓட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகம். விடுதியே இல்லை, எல்லோரும் காரில் வந்து படித்துவிட்டுக் காரிலேயே போய்விடுவார்கள். அப்படியென்றால் மகள் சாயங்காலச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்! லெஸ்டருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் கார் நிறுத்தும் இடத்தைச் சாக்காகப் பிடித்துக்கொண்டான்.

தனியார் கல்லூரியைச் சுற்றிக்காட்டிய மாணவி, வந்தவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே நூலகத்தின் பெருமையைச் சொன்னாள். மற்ற பெற்றோர் தலையாட்டினார்கள். இவன் கையைத் தூக்கினான்.

"ஏம்மா, இங்க ஒரு வண்டி மக்கர் பண்ணிச்சுன்னா என் லாரி எந்தப் பக்கமா உள்ள வரும்?"

அந்தப் பெண் பூந்தொட்டியில் மோதிக்கொண்டாள்.

"அப்பா, மானத்த வாங்காத!" என்றாள் கிரிஸ்டா.

மிச்சிகனுக்குச் சனிக்கிழமை போனார்கள். ஈ காக்கை இல்லை. லெஸ்டர் கார் நிறுத்தும் வெற்று மைதானத்தில் லாரியை மூன்று சுற்று ஓட்டிவிட்டு வந்து என்னிடம் பீற்றிக்கொண்டான்.

"மர்லீன், ஆறாயிரம் காரு நிறுத்தலாம்!"

"படிக்கப் போறாளா, கார் நிறுத்தப் போறாளாடா?"

"ஒனக்கு ஒரு எழவும் புரியாது."

ஒரு மாதம் வீட்டிலும் இதே பஜனை. மே ஒன்றாம் தேதி வந்தது. அன்று கடைசி வருடப் பிள்ளைகள், சேரப்போகும் கல்லூரியின் பெயர் போட்ட சட்டையில் பள்ளிக்குப் போவார்கள். கிரிஸ்டா போகிற வழியில் கொட்டகைக்கு வந்தாள். மிச்சிகன் சட்டை! லெஸ்டர் லாரி ஹாரனை அடித்து ஊரைக் கூட்டிவிட்டான்.

"நீ சொன்னதுதாம்ப்பா சரி," என்றாள் அவள். "அங்கேயே மூணு பொண்ணுங்களோட ஒரு வீடு பாத்துட்டேன். என் காருக்குத் தனி எடம் இருக்கு."

ஹாரன் நின்றது. "வீடா? தெனம் இங்க வரமாட்டியா?"

"போக ஒரு மணி, வர ஒரு மணியா? யாருப்பா ஓட்டுவா? பக்கத்துக் காலேஜா இருந்தா சாப்பாட்டுக்கு தெனம் வந்திருப்பேன். விடுதிச் சாப்பாட்ட எவ தின்பா?"

எனக்கு வந்த சிரிப்பை அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். பாவம், தன் வாயாலேயே மகளை ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறான்.

"சட்டை நல்லாருக்குடா கண்ணு," என்றான் லெஸ்டர்.