தெக்கேப் பிலாவு ஒழிக

நாங்கள் வீடு வாங்கிய கதையைச் சொல்லப் போனால் வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்காது. மரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் பிறந்தது இராஜாக்கமங்கலத்துப் பக்கம். மனைவிக்கு வைத்தியம் பார்க்க நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தவன், அவளுக்குச் சுகமான பிறகும் ஊர் திரும்பவில்லை. கர்த்தர் அவள் உயிரைத் திருப்பிக் கொடுத்த இடத்தை விட்டுப் போக மனம் வரவில்லை. சின்னதாக ஒரு துணிக்கடை போட்டுத் தங்கிவிட்டேன். குடியிருந்ததெல்லாம் வாடகை வீடுகள். ஒரு வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது என்றார்கள். இன்னொரு வீட்டில் சத்தமாகப் பாடி ஜெபிக்கக் கூடாது என்றார்கள். அடுத்த வீட்டில் கோழியும் ஜெபமும் இரண்டும் கூடாது. அன்று என் மனைவி, “எனக்கப் போன உசிரு திரும்பி வந்தது வாடகை வீட்டுல கெடக்கதுக்கா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் வீடு தேடாமல் இருந்த நாள் இல்லை.

கடைசியில் ஒன்று அமைந்தது. ஓட்டு வீடு, சுத்தமான கிணறு, சுற்றிலும் விளை என்கிற தோட்டம். விளையில் தெங்கு, மா, கிணற்றுக்குப் பின்னால் நெடுநெடுவென்று தடிக்கு ஆகிற ஓர் அயினி மரம், தெற்கே அடுக்களைக் கூரைமேல் சாய்ந்தாற்போல் பெரிய பலாமரம் ஒன்று. பலாவை அந்தப் பக்கம் பிலாவு என்றுதான் சொல்லுவார்கள். அந்தப் பிலாவு வைத்த நாள்முதல் ஒரு பிஞ்சுகூட விட்டதில்லையாம். வீட்டுக்காரர் என்னைவிட மூத்தவர், மேற்கே மார்த்தாண்டம் பக்கம் மனைவி வீட்டுச் சொத்துக்குக் குடிபோகிறவர். பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். நல்ல மனிதர். அவரை நான் அண்ணாச்சி என்று அழைத்தேன்.

வீட்டை விற்கும் பத்திரத்துக்கு எங்கள் பக்கம் பிரமாணம் என்று பெயர். திருவிதாங்கூர் ராஜ்யமானதால் அதை மலையாளத்தில் எழுதினார்கள். நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ் வரைக்கும்தான், அதுவும் தமிழில். கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் மலையாளத்தைச் சமாளிப்பேன். பிரமாணத்து மலையாளம் வேறு. எழுதியவர் அதை உரக்க வாசிக்க, நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். வீடு, கிணறு, தெங்கு, மாவு என்கிற மாமரம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அப்புறம் தெளிவாக ஒரு வாக்கியம் என் காதில் விழுந்தது.

“தெக்கேப் பிலாவு ஒழிக.”

அதை வாசித்ததும் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “கேட்டீரா? அது முக்கியமாக்கும்.”

கேட்டேன் என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. பாவம், கையால் நட்ட மரம், காய்க்கவேயில்லை. தானே வெட்ட மனமில்லாமல் அந்தப் பாரத்தை என் தலையில் இறக்கி வைக்கிறார் என்று புரிந்துகொண்டேன். கனியில்லாத மரம் வெட்டுண்டு அக்கினியில் போடப்படும் என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டவன் நான். அதனால் எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. எழுந்து போகும்போது அவர், “சித்திரையில வருவேன். அப்பம் பாத்துக்கிடலாம்” என்றார்.

பிரமாணம் என்றால் எனக்கு விற்பனைப் பத்திரம் மட்டுமல்ல, கர்த்தர் முன்னால் செய்த சத்தியமும்தான். சித்திரையில் அவர் வந்து பார்க்கும்போது பிலாவு நின்றால் சத்தியம் பொய்த்துப்போகும். சத்தியம் பொய்த்தால் வீடு போகும். கோழியும் ஜெபமும் மறுபடி வாடகை வீட்டுக்குப் போகும். எனக்கு அன்று விளங்கியது இவ்வளவுதான்.

குடியேறிய மறுநாளே மரம் வெட்டுகிறவரைக் கூட்டிவந்தேன். அவர் பிலாவைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, அடுக்களையையும் பார்த்தார். விழுந்தால் இதன்மேல்தான் விழும், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போனார். வாங்கிய வீட்டைக் காப்பாற்ற வாங்கிய வீட்டை இடிக்க முடியுமா? யோசித்துக்கொண்டிருந்த என்னிடம் மனைவி, “வெட்டணும்ணு எழுதியிருக்கா, ஒழியணும்ணு எழுதியிருக்கா?” என்று கேட்டாள். அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். எனக்கோ அது வழிகாட்டுதலாகப் பட்டது. வெட்ட வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே பட்டுப்போனால் போதும்.

அதிலிருந்து என் காலைநேரமெல்லாம் அந்த விளையிலேயே போயிற்று. பிலாவுக்குச் செய்ததை முதலில் சொல்கிறேன். வேரை வெயிலில் காட்ட வேண்டும் என்று மண்வெட்டியால் அடிமரத்தைச் சுற்றி ஆழமாகக் கொத்திக் கிளறிப் போட்டேன். உப்பு பட்டால் எந்த மரமும் கருகும் என்று யாரோ சொன்னார்கள். ஊரிலிருந்து மனைவியின் ஆட்கள் கொடுத்தனுப்பும் கருவாட்டுக் கூடையைக் கழுவிய தண்ணீரை ஒரு சொட்டுகூட வீணாக்காமல் அதன் அடிமூட்டில் ஊற்றினேன். அடுப்புச் சாம்பலைச் சூட்டோடு கொண்டுபோய்க் கொட்டினேன். மரத்தின்மேல் படர்ந்திருந்த புல்லுருவியையெல்லாம், மரத்துக்கு அந்த நிழலும் இல்லாமல் போகட்டும் என்று, அறுத்துத் தள்ளினேன். வெட்டுக்கத்தியால் பட்டையில் அங்கங்கே கொத்திப் பால் வடியவிட்டேன். பால் வடிவதைப் பார்க்க எனக்கே மனசு கேட்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொத்துவேன். அதனால் சில கொத்துகள் வேலியில் விழுந்தன.

மற்ற மரங்களைப் பிள்ளைகளைப் போலப் பார்த்தேன். தெங்குக்கு நாள் தவறாமல் தண்ணீர் விட்டேன். குருத்து அழுகிற்று. வாழையில் பக்கக்கன்றைப் பிடுங்க மனமில்லாமல் எல்லாவற்றையும் வளரவிட்டேன். புதர் கிடைத்தது, குலை கிடைக்கவில்லை. முருங்கைக் கம்புக்கு முட்டுக்கொடுத்துக் கட்டினேன். முட்டுக்கொடுத்த கம்பு துளிர்த்தது, முருங்கை காய்ந்தது. பூவரசுக் கம்பை ஒடித்துத் தூர எறிந்தாலே வேர் பிடிக்கும் என்பார்கள். நான் ஜெபித்து நட்ட வேலிக்கம்புகள் வரிசையாக விறகாயின. மனைவி அவற்றைப் பிடுங்கி அடுப்பெரித்தாள். விளையில் நான் உண்டாக்கிய முதல் பலன் அந்த விறகுதான்.

பிலாவு மட்டும் இலைக்கு இலை மினுங்கியது.

என் கைப்பலத்தை நம்பினது தப்பு என்று தோன்றியது. காலையில் குடும்ப ஜெபம் முடிந்ததும் தனியே பிலாவின் கீழே போய் நின்று, கையை உயர்த்தி, “ஒழிக” என்று சொல்ல ஆரம்பித்தேன். முதலில் மெதுவாகத்தான் சொன்னேன். மரம் பெரியது, காது எங்கேயிருக்கிறதோ என்று வரவரச் சத்தம் கூடிற்று. அந்தக் காலத்தில் ஒழிக என்ற சொல்லைத் தெருவில் சத்தமாகச் சொன்னால், சர்க்காருக்கு எதிரான கோஷம் என்று போலீஸ் வரும். ஒருநாள் வந்தது. சாலையில் போன போலீஸ்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, ஆரு ஒழியணும் என்று கேட்டார். பிலாவு என்றேன். அவர் பிலாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காற்றை மோந்து பார்த்தார். கள் வாடை இல்லை, கருவாட்டு வாடைதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

தை கழிந்து மாசி பிறந்தபோது, நான் கத்தியால் கொத்திய இடங்களிலெல்லாம் பச்சையாக ஏதோ முண்டிக்கொண்டு வந்தது. புண் பழுக்கிறது, மரம் சாகப்போகிறது என்று ஸ்தோத்திரம் பண்ணினேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சாகப்போகுதா? இது மாசமா இருக்கு, கேட்டியளா!”

பங்குனி முடிவதற்குள் மரம் அடியிலிருந்து கிளைவரை பலாச்சக்கையாகத் தொங்கிற்று. ஒரு காயின்மேல் ஒரு காய் இடித்துக்கொண்டு நின்றது. போதாதென்று, நான் கொத்திக் கிளறிய வேரிலேயே சில காய்கள் மண்ணைப் பிளந்துகொண்டு தலை நீட்டின. தெருவில் போகிறவர்கள் நின்று கும்பிடாத குறை. நான் மட்டும் இராத் தூக்கமில்லாமல் மெலிந்துகொண்டிருந்தேன். சாக வேண்டிய மரத்தை இந்தக் கோலத்தில் அவரிடம் எப்படிக் காட்டுவது? வாழை இலையால் மூடலாமா என்றுகூட யோசித்தேன். மூட என் விளையில் இலைக்குப் பஞ்சமில்லை. காய் அதற்கும் மிஞ்சி நின்றது.

சித்திரையில் சொன்னபடியே வீட்டுக்காரர் வந்தார். பின்னால் இரண்டு மரம் அறுக்கிறவர்கள் நீளமான அறுப்புவாளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். படலைத் திறந்தவர் பிலாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“அண்ணாச்சி, நான் சும்மா இருக்கல்ல. வேரைக் கொத்தினேன், உப்புத்தண்ணி ஊத்தினேன், பட்டையை வெட்டினேன், ஜெபமும் பண்ணினேன். இது ஒழியமாட்டேங்குது. வீட்டை மட்டும் திருப்பிக் கேட்டுராதியும்.”

“எனக்கப் பிலாவ நீரு என்னத்துக்கு ஓய் வெட்டினீரு?”

“ஒமக்கப் பிலாவா? ஒழிகண்ணு வாசிச்சத நானும் கேட்டேனே.”

“ஒழிகேண்ணுதானே எழுதியிருக்கு. அதாக்கும் சொல்லுதேன், எனக்கப் பிலாவு.”

“ஒழிகண்ணா ஒழியணும்லா?”

“ஒழிகேண்ணா எனக்குண்ணு அர்த்தம் ஓய்.”

இரண்டுபேரும் ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர்தான், குழந்தைக்குச் சொல்கிறதுபோல ஒவ்வொரு விரலாக மடக்கினார். வீடு எனக்கு, கிணறு எனக்கு, தெங்கும் மாவும் அயினியும் எனக்கு. தெக்கேப் பிலாவு ஒழிகே. மலையாளத்தில் அதற்குப் பிலாவு நீங்கலாக என்று பொருள். காய்க்காத மரம், நல்ல வைரம் பாய்ந்தது. மகள் கல்யாணக் கட்டிலுக்கென்று அவர் தமக்காக நிறுத்தி வைத்த மரம் அது. அதை அறுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்.

என் மனைவி அடுக்களை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. வீடு போகவில்லை என்பது அப்போதுதான் மெல்ல என் மண்டைக்குள் இறங்கியது. உடனே அடுத்த பயமும் வந்தது. ஊரான் மரத்தைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, காயைத் தட்டிப் பார்த்து, வெட்டுக்காயத்தைத் தடவிப் பார்த்தார். அறுக்கிறவர்கள், காய்த்து நிற்கிற மரத்தில் வாள் வைக்கமாட்டோம் என்று தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். அவருக்கும் மனசு வரவில்லை. கட்டிலுக்கு என்ன செய்வது? கிணற்றுக்குப் பின்னால் நிற்கும் அயினியை எடுத்துக்கொள்ளும்படி சொன்னேன். அது நான் தண்ணீர் ஊற்றாத மரம், ஆகையால் நன்றாக இருந்தது. அறுத்தபோது கூரைமேல் சாயாமல் தோதாக விழுந்தது. பதிலுக்குப் பிலாவை என் பேருக்கு மாற்றிப் புதுப் பிரமாணம் எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம் ஓய். எழுதினா எழுத்துக்காரன் வாசிப்பான். வாசிச்சா ஒமக்கு வேற என்னமாவது கேக்கும்.”

ஆகவே பிலாவு அவருடையதாகவே நின்றது. வேரில் காய்த்ததை மட்டும் என் மனைவி விட்டுக்கொடுக்கவில்லை. மரம் உங்களுக்கு, மண் எங்களுக்கு, மண்ணுக்குள்ளே கிடப்பது மண்ணுக்காரனுக்கு என்று வாதாடினாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் அதில் ஒன்றைப் பறித்துவிட்டதும் ஒரு காரணம்.

போகுமுன் அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்னென்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். கொத்தியதைச் சொன்னேன், கருவாட்டுத் தண்ணீரைச் சொன்னேன், சாம்பலைச் சொன்னேன். வெட்கத்தோடு அந்தக் காலை ஜெபத்தையும் சொன்னேன். அதைத்தான் அவர் ரொம்பக் கவனமாகக் கேட்டார். வெறும் வயிற்றிலா, காப்பி குடித்த பிறகா என்றுகூட விசாரித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஒண்ணையும் விட்டுராதியும். இது காய்க்காமப் போச்சுண்ணா நான் அறுக்கணும். அறுத்தா எங்க விழும்ணு ஒமக்குத் தெரியும்.”

அடுக்களைக் கூரையை நான் திரும்பிப் பார்த்தேன்.

கொத்துவதும் ஊற்றுவதும் சிரமமில்லை. ஒழிக என்று சொல்வதுதான் என்னை வாட்டியது. தப்பாகப் புரிந்துகொண்டு சொன்னவரைக்கும் அது ஜெபம். இனி, காய்க்க வேண்டும் என்று மனசில் ஆசைப்பட்டுக்கொண்டு ஒழிக என்று கர்த்தரிடம் கேட்டால் அது பொய். சொல்லாமல் விட்டால் அடுக்களை போய்விடும். சில நாள் மரத்தின் கீழே போய் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மனைவி கூரையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

ஒருநாள் விடிகாலையில் வழி பிறந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு பிலாவின் கீழே போனேன். கையை உயர்த்தி, இந்த வீட்டை ஆசீர்வதியும், கிணற்றை ஆசீர்வதியும், தெங்கையும் மாவையும் வாழையையும் முருங்கையையும் ஆசீர்வதியும் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் போலீஸ்காரருக்குப் பயப்படாமல் நன்றாகச் சத்தமாகவே முடித்தேன்.

“பிலாவு ஒழிகே.”

கர்த்தருக்கு மலையாளமும் தெரியும். எங்களுடையதற்கு மட்டும்தான் அவரிடம் கேட்டேன், அதில் பொய்யில்லை. மரத்துக்கு வழக்கமான சத்தம் கிடைத்தது. மனைவி ஆமென் என்றாள். அவள் குரல் எனக்குக் கொஞ்சம் அதிகச் சந்தோஷமாகவே கேட்டது.

நாங்கள் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க அந்த ஜெபம் நடந்தது. தெங்கும் வாழையும் முருங்கையும் ஆசீர்வாதத்தைத் தாங்க முடியாமல் திணறிக்கொண்டேதான் இருந்தன. தெக்கேப் பிலாவு வருஷம் தவறாமல் காய்த்தது.